ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்: குறுங்குடல் நோயாளியின் மனைவிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

திருமங்கலம் வட்டத்தைச் சேர்ந்த வாசகி ஒருவர் ஒன்பது பக்கங்களுக்குக் கடிதம் எழுதி, அதனுடன் மருத்துவமனைப் பில், டிஸ்சார்ஜ் சுருக்கம், காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், பாலிசிப் புத்தகத்தின் முதல் பக்கங்கள், கணவரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும் இணைத்திருக்கிறார். ஆட்களையும் நிறுவனங்களையும் அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன். கடிதம் 2025 மார்ச்சில் வந்தது; என் பதிலில் உள்ள விதிகளும் தொகைகளும் அப்போது நடப்பில் இருந்தவை.

கணவருக்கு வயது 42. கப்பலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகளாக ஸ்டோர் கீப்பர். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். 2024 ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு தாங்க முடியாத வயிற்று வலியோடு மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். குடலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டுச் சிறுகுடலின் பெரும்பகுதி அழுகிவிட்டிருந்தது. வெட்டி எடுத்தது போக எஞ்சியது ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். அதன் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து கழிவு சேரும் பை பொருத்தியிருக்கிறார்கள். பெருங்குடல் உள்ளே நல்ல நிலையில் இருந்தும் இணைக்கப்படாமல் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ‘ஷார்ட் பவல் சிண்ட்ரோம்’, அதாவது குறுங்குடல் நோய், என்று எழுதியிருக்கிறது. சாப்பிடுவது உடம்பில் ஒட்டாததால் வாரம் மூன்று நாள் ரத்தக் குழாய் வழியாக டி.பி.என். எனும் ஊட்ட திரவம் ஏற்றுகிறார்கள். அந்தத் திரவம் ஒரு பை 3,400 ரூபாய். வீட்டுக்கு வரும் செவிலியர், மாத்திரை எல்லாம் சேர்த்து மாதம் 55,000 ஆகிறது.

குடும்பத்துக்கு 2018 முதல் 5 லட்ச ரூபாய்க்கு ஒரு தனியார் மருத்துவக் காப்பீடு உண்டு. மருத்துவமனைப் பில் 6,20,000. நிறுவனம் கொடுத்தது 3,87,500. மீதிக்கும் மாதச் செலவுக்கும் ஆறு பவுன் நகை அடகுக்குப் போயிற்று. ஒன்றரை லட்சம் ஐந்து வட்டிக்கு வாங்கியாயிற்று. பையை எடுத்துக் குடலைத் திரும்ப இணைக்கும் அறுவைக்கு 2,75,000 ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பணம் சேரட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டு வருகிறார்கள்.

வாசகி கேட்பவை மூன்று. அரிய நோய்க்கு மத்திய அரசு 50 லட்சம் தருவதாக வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, அதற்கு ஃபைல் தயார் செய்ய ஒருவர் 25,000 கேட்கிறார், கொடுக்கலாமா? பில் பணத்தை முழுதாகத் தராத பாலிசிக்கு ஏப்ரல் 18 அன்று 31,000 கட்டிப் புதுப்பிக்க வேண்டுமா? ஏழு மாதமாக வேலைக்கு வராதவர் ராஜினாமா செய்தால் பி.எஃப். பணம் முழுதாகக் கிடைக்கும் என்று நிறுவனத்தில் சொல்கிறார்கள், செய்யலாமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் என் பதில் ‘வேண்டாம்’, ‘வேண்டும்’, ‘வேண்டவே வேண்டாம்’ என்பதுதான். மூன்றாவது கேள்விதான் அவசரமானது என்பதால், ராஜினாமாக் கடிதத்தில் உங்கள் கணவர் இதுவரை கையெழுத்துப் போடவில்லை என்ற நம்பிக்கையில், அதிலிருந்தே தொடங்குகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாத துறை. ஆகவே, நீங்கள் அனுப்பிய தாள்களில் நோய் பற்றிய பகுதியை இரைப்பை குடல் அறுவை மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது இந்தப் பதிலின் போக்கையே மாற்றிவிட்டது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

சம்பளச் சீட்டில் இருக்கும் 150 ரூபாய்

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தத்துக்குக் கீழே ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 150 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் இதைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: ‘ஈ.எஸ்.ஐ.யில் காய்ச்சல் மாத்திரைதான் தருவார்கள் என்பதால் நாங்கள் போனதில்லை.’ மதுரையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் குடும்பத்துக்கு இருக்கும் காப்பீடுகளில் பெரியது அதுதான் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். சம்பளத்தில் 0.75 விழுக்காடு உங்கள் கணவர் கட்டுகிறார், 3.25 விழுக்காடு நிர்வாகம் கட்டுகிறது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு, சிகிச்சைச் செலவுக்கு உச்ச வரம்பு எதுவும் இல்லாமல், அறை வாடகைக் கணக்குப் பார்க்காமல், மருத்துவம் பார்க்க வேண்டிய கடமை ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கு இருக்கிறது. டிஸ்பென்சரியில் தொடங்கி, தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாக, அங்கே வசதி இல்லாத உயர் சிகிச்சைக்கு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவது வரை அந்த ஏற்பாடு நீள்கிறது.

சிகிச்சை மட்டுமன்று, பணமும் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 விழுக்காடு நோய்க்காலப் பணமாகத் தருகிறார்கள். உங்கள் கணவரின் சம்பளத்துக்கு அது மாதம் ஏறத்தாழ 14,000. அதற்குப் பின்னும் வேலைக்குப் போக முடியாமல் நீடிக்கும் 34 நோய்களுக்கு, 80 விழுக்காடு வீதம் இரண்டாண்டு வரை நீட்டித்த நோய்க்காலப் பணம் உண்டு. குறுங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை என்று கிளை அலுவலகத்தில் ஒருவர் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும். அப்போது நீங்கள் சொல்ல வேண்டியது இது: பட்டியலில் இல்லாவிட்டாலும், அரிதாக வருவதும் சிகிச்சைக்கு உட்பட்டதுமான நோய்களுக்கு இதே பணத்தை அனுமதிக்கும் அதிகாரம் கழகத்தின் தலைமை இயக்குநருக்கு இருக்கிறது. ‘அரிய நோய்’ என்ற சொல் உங்களுக்கு உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான், வாட்ஸ்அப் செய்தியில் வரும் இடமன்று. இரண்டாண்டுப் பணியும் அதற்குள் 156 நாள் பங்களிப்பும் கேட்பார்கள். ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு அது தடையாக இராது.

ஆனால் இதில் ஒரு கெடு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. கணக்கில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பயன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பயன். ஒவ்வொரு பங்களிப்புக் காலத்திலும் குறைந்தது 78 நாள் கூலி பெற்றிருக்க வேண்டும். உங்கள் கணவர் 2024 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வேலை பார்த்திருக்கிறார். ஆகவே 2025 ஜூன் 30 வரை உரிமை இருக்கிறது. அக்டோபருக்குப் பின் ஒரு நாளும் சம்பளம் இல்லாததால், ஜூலையில் தொடங்கும் காலத்துக்கு நோய்க்காலப் பணம் கேட்க அடிப்படையே இராது. இந்த ஜூன் 30 என்ற தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்து நடக்க முடிகிற நாள் ஒன்றைப் பார்த்து, டிஸ்பென்சரிக்கு நேரில் அழைத்துச் சென்று சான்று வாங்கத் தொடங்குங்கள். கடந்துபோன மாதங்களுக்குத் தனியார் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாள்களை மாற்றுச் சான்றாக ஏற்க விதியில் இடம் உண்டு. ஏற்பதும் ஏற்காததும் அலுவலரின் முடிவு என்றாலும், எழுத்தில் கேட்காதவருக்கு அந்த முடிவுகூடக் கிடைக்காது. அவசரத்தில் வெளியே சேர்த்ததற்கான செலவையும், காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது போக மீதியை மட்டும், கழகம் விதித்த கட்டண அளவில் திருப்பிக் கேட்கலாம். முழுதும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்; தாமதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டியிருக்கும்.

ராஜினாமா செய்தால் இவை எல்லாமே கைநழுவத் தொடங்கும். நோய்க்காலப் பணம் பெறும் ஒருவரை நிர்வாகம் வேலையிலிருந்து நீக்குவதை 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் தடுக்கிறது. தானாக விலகியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்களிடம் கனிவாகப் பேசிய அந்த மனிதவள அலுவலர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை; ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. பி.எஃப். பணத்துக்காக விலக வேண்டிய தேவை இல்லை. பெரிய அறுவைக்கும் நீண்ட சிகிச்சைக்கும், வேலையில் இருந்துகொண்டே படிவம் 31 வழியாக முன்பணம் எடுக்கலாம். 2025 மார்ச் மாத விதிப்படி, ஆறு மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் ஒரு பக்கம், அவர் பங்காகச் சேர்ந்த தொகையும் வட்டியும் மறு பக்கம். இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். இத்தனை ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதற்குக் கிடையாது.

காப்பீட்டு நிறுவனம் போட்ட கணக்கு

3,87,500 என்ற தொகையைப் பார்த்ததுமே எனக்கு அது எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. உங்கள் பாலிசியில் அறை வாடகை நாளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காடு, அதாவது 5,000 ரூபாய். நீங்கள் இருந்த அறை 8,000. ஐயாயிரத்தை எட்டாயிரத்தால் வகுத்தால் 62.5 விழுக்காடு. மொத்தப் பில்லான 6,20,000-ஐ அந்த விழுக்காட்டால் பெருக்கி முடித்துவிட்டார்கள். கடிதத்தில் ‘அறை வரம்பு மீறியதால் விகிதாசாரக் கழிவு’ என்று ஒரே வரி. அந்த இரவில் காலியாக இருந்தது அந்த ஓர் அறைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது.

இந்தக் கழிவு முழுப் பில்லுக்கும் பொருந்தாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஜூன் மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருந்துகள், ஒருமுறை பயன்படுத்தும் பொருட்கள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் விகிதாசாரக் கழிவு செய்யக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் செய்யக் கூடாது. அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையாக இருந்தால் கழிவே கூடாது. 2021 ஏப்ரலுக்குப் பின் புதுப்பிக்கப்பட்ட பழைய பாலிசிகளுக்கும் இது உண்டு. உங்கள் பில்லைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். மருந்தும் பொருட்களும் 1,90,000, பரிசோதனையும் ஸ்கேனும் 55,000, ஐ.சி.யூ. 1,05,000. ஆக 3,50,000 கழிவில்லாமல் வர வேண்டும். மீதி 2,70,000-க்கு மட்டும் 62.5 விழுக்காடு என்றால் 1,68,750. கூட்டினால் 5,18,750. உங்கள் வரம்பு 5 லட்சம். கையுறை, முகக்கவசம் போன்ற, பாலிசியில் தராதவை என்று பட்டியலிட்டவற்றைக் கழித்தாலும், இன்னும் ஏறத்தாழ ஒரு லட்ச ரூபாய் உங்களுக்கு வர வேண்டியதாக எனக்குத் தோன்றுகிறது.

தொலைபேசியில் நான்கு முறை கேட்டதாகச் சொல்கிறீர்கள். தொலைபேசிப் பேச்சு புகார் ஆகாது. மேலே சொன்ன கணக்கை அப்படியே எழுதி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு கெடு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை; 50 லட்சம் வரை உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு, அந்த உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு கெடு இருக்கிறது. மதுரையிலேயே தாக்கல் செய்யலாம். ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் புகாரை எடுக்க மாட்டார் என்பதால், முதலில் அவரிடம் போவதே நல்லது. வழக்குப் போட்டால்தான் எங்களுக்கு வரும்படி. ஆனாலும் இதையே சொல்கிறேன்.

உங்கள் முகவர் ஒரு பயத்தைக் கிளப்பியிருக்கிறார். 2017 முதலே கணவர் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டு வந்ததும், பாலிசி எடுக்கும்போது அதைச் சொல்லாததும் டிஸ்சார்ஜ் தாளில் வெளிப்பட்டுவிட்டது. கிளறினால் பாலிசியையே ரத்து செய்துவிடுவார்கள் என்பது அவர் வாதம். சொல்லாதது தவறுதான், அதை மறைக்கச் சொல்லி நான் ஆலோசனை தர முடியாது. ஆனால் தொடர்ச்சியாக 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசியை, சொல்லவில்லை என்ற காரணத்துக்காகக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. மோசடி என்று நிறுவனம் நிரூபித்தால் மட்டுமே முடியும். 2024 ஏப்ரலில் இருந்து இதுதான் நிலை, முன்பு 8 ஆண்டாக இருந்தது. நீங்கள் 2018-இல் தொடங்கியவர்கள். ஆபத்து சிறிதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு லட்ச ரூபாய்க் கோரிக்கையைக் கைவிடும் அளவுக்கு ஆபத்து இல்லை என்று சொல்வேன். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். பழைய மருந்துச் சீட்டைத் திருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அப்போதுதான் உண்மையில் மோசடி தொடங்குகிறது.

பணம் போக வேண்டிய இடம்

இப்போது மருத்துவர் சொன்னதற்கு வருகிறேன். எஞ்சிய சிறுகுடல் 90 சென்டிமீட்டர் என்று படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘பெருங்குடலை ஏன் இன்னும் இணைக்கவில்லை?’ என்பது. பெருங்குடல் நீரையும் உப்பையும் உறிஞ்சுவதோடு, செரிக்காமல் வரும் மாவுச்சத்திலிருந்தும் ஓரளவு சக்தியை மீட்டுத் தருகிறதாம். பெருங்குடல் இணையாமல் பையோடு வாழ்பவருக்கு டி.பி.என். இல்லாமல் காலம் தள்ளப் பொதுவாக 100 சென்டிமீட்டருக்கு மேல் சிறுகுடல் வேண்டும்; இணைந்திருந்தால் 60 சென்டிமீட்டர் அளவோடும் பலர் அதை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். உங்கள் கணவர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறார். எஞ்சிய குடல் புது வேலைக்குப் பழகிக்கொள்ள இரண்டாண்டு வரை ஆகலாம் என்றும், இணைப்பு அறுவைக்கு உடல்நிலை தயாராக இருக்கிறதா என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார்.

அதாவது, 2,75,000 சேரும் வரை பொறுத்திருக்கிறோம் என்று நீங்கள் மாதம் 55,000 செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து மாதச் செலவே அறுவையின் தொகை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கையில் மொத்தமாகப் பணம் இல்லாத வீட்டில் சில்லறையாகத்தான் செலவு நடக்கும். அது எனக்கும் தெரிந்த வாழ்க்கைதான். ஆனால் காப்பீடு என்பதே இந்த நாட்டில் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டது. வீட்டில் மாதாமாதம் ஏற்றும் பைக்குப் பெரும்பாலான தனியார் பாலிசிகள் பணம் தராது. ஓர் அறுவைக்குத் தரும். ஆகவே காப்பீடு எதைச் செய்யுமோ அந்த வேலையை அதனிடம் கொடுங்கள்.

பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்வது இதனால்தான். ஏப்ரல் 18-இல் புதுப்பித்தவுடன் 5 லட்சம் முழுதாகத் திரும்ப வருகிறது. போன ஆண்டு செலவானது இதில் கழியாது. கிளெய்ம் செய்தார் என்ற காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. விட்டுவிட்டால், இந்த உடல்நிலையோடு புதிதாக ஒரு பாலிசி கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பழைய நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு என்றாலும் அதை நம்பி நாள் கடத்தாதீர்கள், அந்த இடைவெளியில் சேர்க்க நேர்ந்தால் சிக்கல். அறுவை எனும்போது 5,000-க்குள் இருக்கும் அறையை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். சேர்வதற்கு முந்தைய 30 நாள், வெளியே வந்த பிந்தைய 60 நாள் செலவுகளுக்கும் உங்கள் பாலிசியில் இடம் இருக்கிறது. அந்த நாட்களில் வாங்கும் டி.பி.என். பைகளின் பில்லை மருத்துவரின் சீட்டோடு பின் செய்து வையுங்கள். கேட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பு.

ஈ.எஸ்.ஐ. வழியா, பாலிசி வழியா என்று கேட்டால், இரண்டுக்கும் சாதகம் பாதகம் உண்டு. ஈ.எஸ்.ஐ.யில் கழிவு இல்லை, வரம்பு இல்லை, அறுவைக்குப் பின்னும் மருந்து தொடரும். ஆனால் டிஸ்பென்சரியில் தொடங்கி ஒப்பந்த மருத்துவமனை வரை கடிதம் நகர வேண்டும், நீங்கள் விரும்பும் மருத்துவர் கிடைக்காமல் போகலாம். பாலிசியில் முதல் அறுவை செய்த மருத்துவரே செய்வார். குடலுக்குள் எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று அறிந்தவர் அவர். முன்பு பார்த்த மருத்துவமனை ஈ.எஸ்.ஐ. ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. இல்லையென்றால், மே மாத முடிவு வரை ஈ.எஸ்.ஐ. பரிந்துரைக்கு முயன்று, நகராவிட்டால் பாலிசியில் செய்துவிடுவது என்பது என் யோசனை. இதற்கிடையில் டி.பி.என். பைகளையும் ஈ.எஸ்.ஐ. மருத்துவர் வழியாகவே எழுதிக் கேளுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் குடல் சிகிச்சைக்குத் தனித் துறைகள் இருக்கின்றன. பெரியாஸ்பத்திரி என்றால் கூட்டம் என்று தயங்கியிருக்கிறீர்கள். கூட்டம் உண்மைதான், அங்கே சிகிச்சைக்கு எந்த அட்டையும் தேவையில்லை என்பதும் உண்மை.

மருத்துவர் கவனித்த இன்னொன்றும் செலவோடு தொடர்புடையது. நீர்ச்சத்துக் குறைந்து இரண்டு முறை சேர்த்ததாகவும், அதனால் இப்போது இளநீரும் மோரும் தண்ணீரும் ஓயாமல் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குடல் குறைந்து பை வைத்தவர்களுக்கு, உப்பு குறைவான திரவத்தை அதிகம் கொடுக்கக் கொடுக்கப் பையில் வெளியேறுவதும் அதிகமாகி, உடம்பிலிருக்கும் உப்பையும் அடித்துக்கொண்டு போய்விடுமாம். உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்த கரைசலை எவ்வளவு கொடுப்பது, மற்ற திரவங்களை எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். தாகம் என்கிறவருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது எந்த மனைவிக்கும் எளிதல்ல என்பது தெரிந்தே இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வந்த 50 லட்சம்

அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல என்பதுதான் அதன் ஆபத்து. 2021-இல் மத்திய அரசு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை அறிவித்தது. 2022-இல் உதவித்தொகை 50 லட்சம் வரை உயர்த்தப்பட்டதும் உண்மை. ஆனால் அது கொள்கையில் பெயர் குறித்த நோய்களுக்கு மட்டும். பெரும்பாலும் பிறவியிலேயே மரபணுக் கோளாறால் வருபவை அவை. பணமும் நோயாளியின் கையில் தரப்படுவதில்லை. அரசு அறிவித்த சிறப்பு மையங்களில் நடக்கும் சிகிச்சைக்குத்தான். ரத்தக் குழாய் அடைப்பால் குடலை இழந்த உங்கள் கணவரின் நிலை அந்தப் பட்டியலில் வராது. ஃபைல் தயார் செய்ய 25,000 கேட்பவருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு ரூபாயும் இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அதற்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டின்படி உங்களுடையது 2,40,000. மூவாயிரம் கொடுத்தால் குறைந்த வருமானச் சான்று வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம், பொய்ச் சான்று வெளிப்பட்டால் அட்டை போவதோடு குற்ற வழக்கும் வரும். பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க உங்களுக்குத் தடை இல்லை. மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுடன், அறுவைக்கு முன்பே அனுப்ப வேண்டும். ஏற்கெனவே கட்டிய பில்லுக்குத் தர மாட்டார்கள். தருவதும் செலவில் ஒரு பகுதிதான், நேரே மருத்துவமனைக்குப் போகும். தோப்பூர் எய்ம்ஸ் திறந்தால் எல்லாம் இலவசம் என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் அடிக்கல் நாட்டிய மருத்துவமனை அது. உங்கள் கணவரின் அறுவையை அதற்காகத் தள்ளிவைக்க முடியாது.

கடனைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 7,500. ஆண்டுக்கு 60 விழுக்காடு. தமிழ்நாடு அதிக வட்டி வசூலித்தலைத் தடைசெய்யும் சட்டம் 2003-இல் வந்தது. அந்தச் சட்டத்தின்படி இது குற்றம். வீட்டுக்கு வந்து மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் தரலாம். ஊருக்குள் வாழ வேண்டியவர்கள் உடனே அதைச் செய்யத் தயங்குவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே, பி.எஃப். முன்பணம் வந்ததும் முதலில் அந்தக் கடனின் அசலில் போடுங்கள், நகைக்கடன் காத்திருக்கும்.

இத்தனையையும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் புகாரையும் ஈ.எஸ்.ஐ. மனுவையும் அங்கே எழுதித் தருவார்கள். போகும்போது பாலிசிப் புத்தகத்தை முழுதாக எடுத்துச் செல்லுங்கள்; நீங்கள் எனக்கு அனுப்பியதில் 14-ஆம் பக்கத்துக்குப் பின் இல்லை. அறை வாடகை பற்றிய விரிவான விதி அதற்கடுத்த பக்கங்களில்தான் இருக்கும்.